1147-ஆம் கிணறு மறுபடி ஊறியதாகச் சொன்னார்கள்

மத்லூபா அபா இறந்த மறுவாரம் மாவட்டப் பத்திரிகை அவரைப் பற்றி நான்கு வரி போட்டது. முப்பத்திரண்டு ஆண்டு எண்ணெய்க் கிணறுகளில் உழைத்தவர், நேர்மையானவர், அண்டை அயலாருக்கு உதவியவர் என்று மூன்று வரி. நான்காவது வரி: "பூமிக்கடியில் எண்ணெய் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறது என்பதை நிரூபித்த அளவீடுகளை எடுத்துத் தந்தவர்."

பத்திரிகையைக் கசக்கி அடுப்பில் போட்டேன். அளவீடுகளை எடுத்தது அவர்தான். அவை நிரூபித்தது வேறு. அந்த வேறு ஒன்றைச் சொன்னதற்காகத்தான் அவரைக் கிணறுகளிலிருந்து துரத்திக் கொதிகலன் அறையில் உட்கார வைத்தார்கள். உயிரோடு இருந்தவரை அவர் வாயிலிருந்து வாங்க முடியாத பொய்யைச் செத்த பிறகு வாங்கிவிட்டார்கள். இதை எழுதுவதற்கு அதுவே போதுமான காரணம்.

அபா என்றால் எங்களிடம் அக்கா. துக்மக்லியில் பாதிப் பேருக்கு அவர் அபாதான். ரஷ்யாவில், தாதர்ஸ்தானின் தென்கிழக்கு மூலையில் எங்கள் ஊர். உருளைக்கிழங்கு வயலுக்கு நடுவிலும், மசூதிக்குப் பின்னாலும், பள்ளிக்கூட வேலிக்கு நாற்பது அடி தள்ளியும் எண்ணெய் பம்புகள் தலையாட்டிக்கொண்டிருக்கும். அவர் 1967-இல் இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தார். ஒரு நாளைக்குப் பதினான்கு கிணறு, பதினோரு கிலோமீட்டர் நடை. குளிர்காலத்தில் கம்பளிப் பூட்சும் பஞ்சு வைத்த மேல்சட்டையும். தூரத்திலிருந்தே பம்பின் சத்தத்தைக் கேட்டு, எந்தக் கிணற்றில் பெல்ட் நழுவுகிறது என்று சொல்லுவார். குழாயின்மேல் உள்ளங்கையை வைத்து உள்ளே திரவம் ஓடுகிறதா நிற்கிறதா என்று சொல்லுவார். முப்பத்தேழு வயதில் கணவரை இழந்தார். பிள்ளைகள் இல்லை. நாக்கு மட்டும் இருந்தது. புதிதாக வந்த பொறியாளர் ஒருவர், கிணறு எப்படி இருக்கிறது என்று மிடுக்காகக் கேட்டபோது அவர் சொன்ன பதிலை ஊர் இருபது வருஷம் சொல்லிச் சிரித்தது: "உங்கள மாதிரிதான். நாள் முழுக்கத் தலையாட்டுது, ஒண்ணும் வர்றதில்ல."

1147-ஆம் கிணறு அவருடைய பதினான்கில் ஒன்று. அறுபத்தொன்றில் தோண்டியபோது எண்ணெய் தானாகவே பீறிட்டு வந்ததாம். தொண்ணூறுகளில் நூறு வாளி இழுத்தால் தொண்ணூற்றெட்டு வாளி உப்புத் தண்ணீர். 1996-இல் அதை மூடினார்கள். மூடிய கிணற்றிலும் பத்து நாளைக்கு ஒரு முறை திரவ மட்டத்தை அளக்க வேண்டும் என்பது விதி. கிணற்று வாயில் ஒரு சிறு வெடி, அதன் எதிரொலி திரும்பி வரும் நேரம், அதை வைத்து ஆழம். முதல் அளவீட்டில் திரவம் 610 மீட்டர் கீழே கிடந்தது. அடுத்த வசந்தத்தில் 400. அதற்கடுத்த கோடையில் 140.

எங்கள் எண்ணெய்த் தொழிலாளிகளிடம் ஒரு பழைய நம்பிக்கை உண்டு. செத்த கிணற்றுக்கு ஓய்வு கொடுத்தால் அது தூங்கி எழுந்து மறுபடி கொடுக்கும் என்பார்கள். அது முழுப் பொய்யும் இல்லை. பாறையின் நுண்துளைகளில் சிக்கிக் கிடக்கும் மிச்ச எண்ணெய், கிணற்றைச் சும்மா விட்டால் மெல்லக் கசிந்து வந்து சேரும். சில வாரம் ஓடும், மறுபடி நின்றுவிடும். சட்டியைக் கவிழ்த்து வைத்தால் ஓரத்தில் ஒட்டியது வடிவது போல. ஆனால் வடிவதை ஊறுவது என்று நினைத்துக்கொள்ள மனிதனுக்கு ரொம்ப ஆசை. அந்த ஆசைக்கு ஒரு பட்டமும் ஒரு நிறுவனமும் கிடைத்துவிட்டால் அப்புறம் அதைத் தடுக்க ஆள் இல்லை.

1998 கோடையில் தலைநகர் கசானிலிருந்து பேராசிரியர் இல்துஸ் ஹரிசோவிச் வந்தார். அவரை முட்டாள் என்று யாரும் எழுதிவிடக் கூடாது. எண்ணெய் என்பது பழைய கடல்களில் செத்து மக்கிய நுண்ணுயிர்களிலிருந்து வந்தது இல்லை, பூமியின் ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் சேர்ந்து அதைச் செய்கின்றன, அது பிளவுகள் வழியே இன்றும் மேலே வந்துகொண்டிருக்கிறது என்பது அவர் கட்சி. எங்கள் நாட்டில் அதற்கு நெடுங்காலமாக ஆதரவாளர்கள் உண்டு. பள்ளியில் வேதியியல் நடத்துகிற நான் அந்தப் புத்தகங்களையும் படித்திருக்கிறேன், எதிர்ப்பக்கப் புத்தகங்களையும் படித்திருக்கிறேன். உயிரே இல்லாமல் மீத்தேன் உண்டாகும் என்பது உண்மை. உயிரின் சுவடு காணாத கோள்களில் அது இருக்கிறது. ஆனால் நாம் எடுத்து எரிக்கும் எண்ணெயில் செத்த உயிர்களின் கையொப்பம் மூலக்கூறு மூலக்கூறாகப் பதிந்திருக்கிறது என்பதும் உண்மை. சரி, பேராசிரியர் சொல்வதையே ஒப்புக்கொள்வோம். அப்போதும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது: எவ்வளவு வேகத்தில்? பல லட்சம் ஆண்டு எடுத்து நிரம்புவதை நூற்றைம்பது ஆண்டில் காலி செய்பவன், அது நிரம்புகிறது என்று சொல்லிக்கொள்வதில் என்ன பயன்? காடு வளரும் என்பதால் மேஜையை எரிக்கிறவனுக்கு நாளைக்கு மேஜை கிடைத்துவிடாது.

அந்தக் கேள்வி எண்ணெய் நிர்வாகத்துக்குத் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது பதில்தான். கணக்குப்படி எங்கள் எண்ணெய் வயலுக்குப் பன்னிரண்டு வருஷ ஆயுள். அதற்குப் பிறகு இந்த ஊர்கள் எதைத் தின்னும் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம் நிர்வாகத் தலைவர் ஃபாரித் சமிகோவிச்சுக்கு. எண்ணெய் ஊறுகிறது என்றால் கேள்வியே செத்துப்போகும்.

பேராசிரியர் 1147-க்கு வந்து, கயிற்றில் குடுவையை இறக்கி, திரவத்தின் மேல்மட்டத்திலிருந்து மாதிரி எடுக்கச் சொன்னார். மத்லூபா அபாதான் எடுத்துக் கொடுத்தார். கறுப்பாக, கெட்டியாக, சுத்தமான எண்ணெய். இப்படி ஒரு சான்றுக்காக முப்பது வருஷம் காத்திருந்த பேராசிரியருக்குக் கண் கலங்கிவிட்டதாம். அபா அவரிடம், ஷுல்பாவை, அந்த இறைச்சிச் சூப்பை, ஆற வைத்தால் மேலே கொழுப்புதான் நிற்கும், அதை ஒரு கரண்டி எடுத்துப் பார்த்துச் சட்டி முழுக்கக் கொழுப்பு என்று சொல்லுவீர்களா, அடியிலிருந்தும் எடுங்கள் என்றிருக்கிறார். பேராசிரியர் சிரித்து, அபாவின் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அடியிலிருந்து யாரும் எடுக்கவில்லை.

அந்த இலையுதிர் காலத்தில்தான் ஊற்று கெட்டது. கீழ்த்தெருவின் முடிவில் சரிவிலிருந்து வரும் ஊற்றுதான் எங்கள் குடிதண்ணீர். முதலில் டீயில் பால் திரிந்தது. பால்காரியைத் திட்டினார்கள். அப்புறம் டீயே கரித்தது. உப்பு டீ குடிக்கிற கல்மீக் இனத்தாராக ஆகிவிட்டோம் என்று கடையில் சிரித்தார்கள். மாடுகள் தொட்டியில் மூக்கை வைத்துவிட்டுத் திரும்பிப் போனபோது சிரிப்பு நின்றது. பள்ளி ஆய்வறையில் ஊற்றுத் தண்ணீரில் இரண்டு சொட்டு வெள்ளி நைட்ரேட் விட்டேன். தயிர் போல வெள்ளையாகத் திரண்டது. அது உப்புக்கான சோதனை. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும்.

ஊற்றுக்கு எண்ணூறு மீட்டர் மேலே 83-ஆம் கிணறு இருக்கிறது. அதிலிருந்து எண்ணெய் எடுப்பதில்லை. அதற்குள் உப்புத் தண்ணீரை அழுத்தித் தள்ளுவார்கள், அது பாறைக்குள் போய் எண்ணெயை மற்றக் கிணறுகளின் பக்கம் நெட்டும். தண்ணீரைத் தள்ளும் பம்ப் நிலையத்தில் வேலை பார்த்தவர் ரஃப்கத், மத்லூபா அபாவின் கணவரின் தம்பி.

1999 ஜனவரியில், மைனஸ் முப்பத்து நான்கு டிகிரி குளிரில், அந்த நிலையத்தின் பெரிய பம்ப் உடைந்தது. உதிரிபாகம் வர நாளாயிற்று. ரஃப்கத் தினமும் அண்ணி வீட்டுக்கு வந்து அடுப்பருகே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே நிர்வாகத்தைத் திட்டினார். அபா அவருக்கு இறைச்சி அப்பம் சுட்டுப் போட்டார். அப்புறம் ஏதோ தோன்றி, மேல்சட்டையை மாட்டிக்கொண்டு 1147-க்கு நடந்தார். அளக்க வேண்டிய நாள் அது இல்லை. திரவம் ஒன்பது மீட்டர் இறங்கியிருந்தது. மறுநாளும் போனார். இன்னும் இறங்கியிருந்தது. பதினோரு நாள் அந்தக் குளிரில் தினமும் போய் அளந்து, பதிவேட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டார். மொத்தம் எழுபத்திரண்டு மீட்டர் இறக்கம். பன்னிரண்டாம் நாள் பம்ப் ஓடியது. பதின்மூன்றாம் நாள் மட்டம் ஏற ஆரம்பித்தது. அந்த மாதக் கடைசியில் நாலைந்து நாள் எங்கள் டீயில் பால் திரியவில்லை. பிறகு மறுபடி திரிந்தது.

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. 83-இல் தள்ளும் தண்ணீர் கீழே பாறை வழியாக 1147-க்குள் புகுந்து அங்கே கிடக்கும் கொஞ்ச எண்ணெயை மேலே தூக்குகிறது. அதே 83-இன் துருப்பிடித்த குழாய் மேலே எங்கேயோ உடைந்து ஊற்றுக்குள்ளும் கக்குகிறது. அதை நிறுத்தினால் ஊற்று பிழைக்கும். ஆனால் அதை நிறுத்தினால் பேராசிரியரின் அதிசயமும் இறங்கிவிடும்.

இருநூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டு 83-ஐ மூடச் சொல்லி மனுக் கொடுத்தோம். மே மாதம் கலாசார மன்றத்தில் நிர்வாகம் அமைத்த குழு கூடியது. ஒரே அமர்வில் இரண்டு விஷயம்: ஊர் மனு, அப்புறம் 1147-ஐச் சுற்றிய பகுதியைத் 'தானே புதுப்பிக்கும் எண்ணெய்ப் பகுதி' என்று அறிவிப்பது. ஒன்றுக்கு ஆம் என்றால் மற்றதற்கு இல்லை. மேடையில் பேராசிரியரின் வரைபடம் தொங்கியது. 610-இலிருந்து 90 வரை மலை ஏறுவது போல ஒரே வழவழப்பான கோடு.

மூன்றாம் வரிசையில் இருந்த மத்லூபா அபா எழுந்தார்.

"இல்துஸ் ஹரிசோவிச், உங்க படத்துல ஜனவரியக் காணோமே. எங்க ஊருக்கு ஜனவரி வந்துச்சே."

அரங்கு சிரித்தது. பேராசிரியரும் சிரித்தார். அந்தக் குளிரில் கருவி உறைந்திருக்கும், தவறான அளவீடுகளை விலக்குவது அறிவியல் முறை என்று விளக்கினார்.

"கருவி உறைஞ்சா எதிரொலியே வராது. பதினோரு நாளும் வந்துச்சு, நான் கேட்டேன். அந்தப் பதினோரு நாளும் எண்பத்தி மூணுல பம்ப் ஓடல. பம்ப் நின்னா இறங்குது, பம்ப் ஓடினா ஏறுது. நாப்பது கிலோமீட்டர் ஆழத்துல இருந்து வர்ற எண்ணெய்க்கு, மேல எங்க பம்ப் ரிப்பேருன்னு யாரு போய்ச் சொன்னாங்க?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பேராசிரியர் வரைபடத்தின் பக்கம் திரும்பி, ஜனவரி இருந்திருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நான் இன்றும் நினைக்கிறேன். அவர் வாயைத் திறக்கும் முன் ஃபாரித் சமிகோவிச் முந்திக்கொண்டார். பம்ப் நின்றதா இல்லையா என்பதை அந்தத் தொழிலாளியிடமே கேட்போமே என்றார். பம்ப் நிலையப் பதிவேடு எங்கே என்று பின்வரிசையிலிருந்து கேட்டேன். தணிக்கைக்குப் போயிருக்கிறது என்றார்.

ரஃப்கத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவருடைய இரண்டு மகன்களும் நிர்வாகத்தில்தான் வேலை.

"நின்னுச்சுன்னு சொல்ல முடியாது. கொஞ்சம் மெதுவா ஓடிச்சு," என்றார்.

"பதினோரு நாள் என் அடுப்படியில உக்காந்து குளிர் காஞ்சியே," என்றார் அபா. "மெதுவா ஓடுற பம்ப அப்போ யாருடா பாத்துக்கிட்டது?"

"ஜிங்கி, விட்டுரு," என்றார் ரஃப்கத். அண்ணியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். தரையைப் பார்த்துக்கொண்டுதான் அவர் கூப்பிட்டார்.

குடுவையும் கயிறும் வண்டியில் இருக்கின்றன, இப்போதே எல்லோரும் 1147-க்குப் போய் அடிமட்டத்திலிருந்து மாதிரி எடுப்போம், ஒரு மணி நேர வேலை என்று அபா கேட்டார். அது நிகழ்ச்சி நிரலில் இல்லை என்றார்கள். பேராசிரியரின் பகுதியை அறிவிக்கச் சம்மதிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். குழுவில் ஒன்பது பேர், ஒன்பது கை. ஒன்பதாவது கை பேராசிரியருடையது. அது மட்டும் கொஞ்சம் தாமதமாக எழுந்தது. வரலாற்றில் பெரும்பாலான அநியாயங்கள் இப்படிக் கொஞ்சம் தாமதமாக எழும் கைகளால்தான் நிறைவேறுகின்றன. தயங்கியதற்காக அந்தக் கைகளை நல்ல கைகள் என்று சொல்ல நான் தயாராக இல்லை.

இரண்டு வாரம் கழித்து அபாவைக் கூப்பிட்டு, ஜனவரி அளவீடுகள் கருவிக் கோளாறு என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். பக்கத்திலேயே சிறந்த தொழிலாளி பதக்கமும் தயாராக இருந்தது. அவர் பதக்கத்தை எடுத்துப் பார்த்து, ஊசி நன்றாகக் குத்துமா என்று கேட்டுவிட்டு, கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டார். அடுத்த திங்கட்கிழமை அவருக்குப் பள்ளிக்கூடக் கொதிகலன் அறையில் வேலை. அந்தத் தாளில் வேறு யாரோ கையெழுத்துப் போட்டார்கள்.

ஊற்று மேலும் கெட்டது. வாரத்துக்கு இரண்டு முறை டாங்கர் வண்டி தண்ணீர் கொண்டுவந்தது. வாளியோடு வரிசையில் நின்றோம். 2000-ஆம் ஆண்டுக் கோடையில், கிராம ஊற்றுகளை அழகுபடுத்தும் திட்டத்தின்கீழ், எங்கள் ஊற்றுக்கு நிர்வாகம் ஒரு மண்டபம் கட்டியது. செதுக்கிய ஓக் மரத்தூண்கள், நீல ஓடு, கூரையில் பிறை, பளபளக்கும் எஃகுக் குழாய், சுவரில் நிர்வாகத்தின் சின்னம். குடிக்க முடியாத தண்ணீருக்கு இவ்வளவு அழகான வாசலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஊற்றைச் சீர்செய்தால், ஆண்டுதோறும் அதைத் தூர்வாரும் வீட்டுப் பெண்தான் விருந்தாளிக்கு முதல் கோப்பை கொடுப்பது வழக்கம். விருந்தாளி மறுக்கக் கூடாது. சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்து, கோப்பையைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஊரை அவமதித்ததாக அர்த்தம். கீழ்த்தெரு ஊற்றை முப்பது வருஷமாகத் தூர்வாரியது மத்லூபா அபா. வேறு யாரையாவது நிறுத்தினால் ஊர் முகம் சுளிக்கும் என்று அதிகாரிகளும் விட்டுவிட்டார்கள்.

ஃபாரித் சமிகோவிச் விருந்தாளியாக வரும் திறப்பு விழாவுக்கு முதல்நாள் அபா கொதிகலன் அறையில் என்னிடம் சொன்னார். குளிர்காலத்துக்கு வந்த கரியைத் தள்ளிக்கொண்டே, நிதானமாக, எல்லாவற்றையும் யோசித்து முடித்தவர் போல.

"வாய் பொய் சொல்லும் தம்பி. தொண்டை சொல்லாது. டிவிக்காரங்க வர்றாங்க. அவன் துப்பட்டும், போதும். துப்பினதுக்கப்புறம் எண்பத்தி மூண மூடாம இருக்க முடியாது."

எனக்கும் அது சரியென்றே பட்டது. எண்களை அழிக்கலாம், பதிவேட்டை ஒளிக்கலாம். நாக்கில் பட்ட உப்பை எந்தக் குழு விலக்கும்?

விழாவில் பூவேலை செய்த துண்டின்மேல் ஒரு ஜாடி வைத்திருந்தார்கள், கடையில் வாங்கிய தண்ணீர். ஃபாரித் சமிகோவிச் முன்னால் வந்ததும் அபா ஜாடியை எடுத்து, எல்லோரும் பார்க்கத் தரையில் கவிழ்த்தார். கோப்பையைக் குழாயடியில் பிடித்து விளிம்புவரை நிரப்பினார். இரண்டு கையாலும் நீட்டினார். கேமரா அருகில் வந்தது.

ஃபாரித் சமிகோவிச் குடித்தார். முதல் மிடறில் கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் கட்டியது. நிறுத்தவில்லை. கடைசிவரை குடித்து, கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

"தேன் மாதிரி இருக்கு, அபா," என்றார்.

கைதட்டினார்கள். அடுத்துப் பேராசிரியர். அவருக்கு இருமல் வந்தது. அடங்கிய பிறகு, ஆழத்திலிருந்து வரும் தாதுச்சத்து மிகுந்த நீர் என்று கேமராவைப் பார்த்துச் சொன்னார். அப்புறம் ஊர். யாரும் கூப்பிடவில்லை, தாங்களாகவே வரிசை கட்டினார்கள். ரஃப்கத் முதலில். வாரம் இரண்டு முறை டாங்கருக்கு வாளி தூக்குகிறவர்கள், டீயைக் கொட்டிவிட்டு வந்தவர்கள், மாட்டுக்குக்கூட இதைக் காட்டாதவர்கள். ஒவ்வொருவரும் குடித்தார்கள், கவிழ்த்தார்கள், இனிப்பு என்றார்கள். அபா நிரப்பி நிரப்பிக் கொடுத்தார். அவர் முகத்தில் கோபம் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. யார் என்ன சொல்கிறார்கள் என்று மட்டும் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார், கிணற்று வாயில் எதிரொலிக்குக் காது வைப்பது போல.

வரிசையில் நான் ஒன்பதாவது. பள்ளிக்குப் புதுக் கூரை போட்டுத் தருவதாக நிர்வாகம் வாக்குக் கொடுத்திருந்தது. தலைமையாசிரியர் என் பின்னால் நின்றிருந்தார். கோப்பையை வாங்கிக் குடித்தேன். கவிழ்த்துக் காட்டினேன்.

"நல்லா இருக்கு, அபா," என்றேன்.

மத்லூபா அபா என் கையிலிருந்து கோப்பையை வாங்கினார்.

"நல்லா இருக்கா? அப்போ இன்னொண்ணு குடி," என்று கோப்பையை மறுபடி குழாயடியில் பிடித்தார்.